ஏர் ரைபிள்ல குறி நிக்க மாட்டேங்கு, உதவுங்க அண்ணாச்சிமாரே

வள்ளியூரான் (வியாழன், இரவு 9.40)
வணக்கம். லாங் ரேஞ்ச் ரைபிள் சுடணும்னு ரொம்ப நாள் ஆசை. போன மாசம் ஏர் ரைபிள் ஒண்ணு ஸ்கோப்போட (குறி பாக்குத குழாய்க் கண்ணாடி) வாங்குனேன். ஸ்கோப் திருகைத் திருப்பி குறியை நடுவுல கொண்டாந்தா, அடுத்த அஞ்சு குண்டு வேற எங்கயோ போவுது. திரும்பவும் திருப்புதேன், திரும்பவும் போவுது. ரெண்டு டப்பா தீந்துட்டு. ஞாயித்துக்கிழமை கிளப்புல சேரப் போறேன், அதுக்குள்ள சரியாவணும். 300 மீட்டருக்குப் போவ என்ன செய்யணும்னும் சொல்லுங்க. அவசரம்.

பணகுடி_காத்து
தம்பி, நீங்க வள்ளியூரு, இது ஆடி மாசம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வார காத்துல ஆளே தள்ளாடுதான், அரை கிராம் குண்டு எங்க நிக்கும்? விடியக்காலம் காத்து விழுந்திருக்கும்போது சுட்டுப் பாருங்க.

கொக்கிரகுளம்
என்ன ரைபிள்? ஸ்பிரிங்கா, காத்தை முன்னமே அடைச்சு வைக்குத பிசிபியா? எத்தனை மீட்டர்? தட்டைத்தலை குண்டா, உருண்டைத்தலையா? எது மேல வச்சுச் சுடுதீங்க? இதைச் சொன்னாத்தான் எதுவும் சொல்ல முடியும்.

ரேஞ்ச்_மூத்தவர்
வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வாரீங்க. மொதல்ல ஸ்கோப்பைக் கழத்துங்க. 10 மீட்டர் போட்டியில ஸ்கோப்பே கிடையாது. சின்ன ஓட்டை வழியா குறி பாக்குத பீப் சைட்தான். நின்னுக்கிட்டு 60 குண்டு. இலக்கு நடுவுல பத்து மார்க்குக்கான புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனை வச்ச மாதிரி. அதுல கை நிக்காதவருக்கு 300 மீட்டர் பேச்சு எதுக்கு?

பாளை_என்சிசி
சார், ஆரம்பிக்குதவங்கள இப்படி விரட்டாதீங்க. நான் என்.சி.சி.ல பாயின்ட் 22 ரைபிளை (0.22 அங்குலக் குழல்) படுத்துச் சுட்டுத்தான் ஆரம்பிச்சேன். 10 மீட்டர் ரூமுக்குள்ள ஆடுதது. காத்தைப் பாத்துச் சுடுததுதான் ரைபிள். 300 மீட்டர் ஒலிம்பிக்லயே இருக்குல்லா?

ரேஞ்ச்_மூத்தவர்
இருந்துச்சு. 1972 மியூனிக்கோட போச்சு. இப்ப உலக சாம்பியன்ஷிப் மாதிரிப் போட்டியிலதான் இருக்கு. 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் எடுத்தது நீங்க சொல்லுத அந்த ரூமுக்குள்ளதான்.

பாளை_என்சிசி
2024 பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் எடுத்தது 50 மீட்டர்ல, பாயின்ட் 22-ல. முட்டி போட்டு, படுத்து, நின்னுன்னு மூணு நிலையிலயும் சுட்டாரு. அதையும் சொல்லுங்க.

கடையம்_தோட்டம்
அதை அப்புறம் பேசுங்க. தம்பி, இலக்குக்குப் பின்னால என்ன இருக்கு? எங்க பக்கம் தோட்டம் பூரா மயிலு. தவறுன குண்டு நூறு மீட்டர் தாண்டியும் போவும். குழல் 4.5 மில்லிமீட்டர், குண்டோட சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம், சரிதான். ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற பிள்ளை நிக்கும்லா.

வள்ளியூரான்
ஸ்பிரிங், குழலை மடக்குத மாடல். 20 மீட்டர். தட்டைத்தலை. பழைய ரைஸ்மில் ஷெட்டுக்குள்ள சுடுதேன், காத்தே கிடையாது. பின்னால மணல் மூடை, அதுக்குப் பின்னால சுவரு. அம்மிக்கல்லு மேல வச்சு இறுக்கிப் புடிச்சுத்தான் சுடுதேன், அசையாது.

பணகுடி_காத்து
ஷெட்டுக்குள்ளன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா.

கொக்கிரகுளம்
அம்மிக்கல்லுதான் பாதி வியாதி. ஸ்பிரிங் துப்பாக்கி ரெண்டு தடவை உதைக்கும். பிஸ்டன் முன்னால ஓடும்போது துப்பாக்கி பின்னால வரும், பிஸ்டன் போய் முட்டுனதும் முன்னால தாவும். குண்டு குழலை விட்டு வெளிய வாரதுக்குள்ள இது தொடங்கிரும். கல்லு மேல வச்சா ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி துள்ளும். இடது உள்ளங்கைய விரிச்சு, அது மேல சும்மா படுக்க வைங்க. விரலால புடிக்கக் கூடாது. தோள்லயும் லேசா ஒட்டுனாப் போதும். துப்பாக்கி அது இஷ்டத்துக்கு ஆடட்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடும்.

மீதிப் பாதி ஸ்கோப்புல இருக்கும். ஸ்கோப்பைப் புடிச்சிருக்குத மவுண்டோட பின்விளிம்பு, துப்பாக்கி மேல உள்ள ரயிலை (மவுண்டை மாட்டுத பள்ளம்) தொடுத இடத்துல பென்சிலால மெல்லிசா ஒரு கோடு போடுங்க. பத்துப் பன்னெண்டு குண்டு சுட்டுட்டுப் பாருங்க. கோட்டைத் தாண்டிப் பின்னால வந்திருந்தா மவுண்ட் நழுவுது. அப்ப நீங்க எத்தனை தடவை திருப்புனாலும் நிக்காது. ரயில்ல எண்ணெய் போவத் துடைச்சு, மவுண்டை நழுவாமத் தடுக்குத ஸ்டாப் பின் ரயில்ல உள்ள ஓட்டையில உக்காந்திருக்கான்னு பாத்து முடுக்குங்க. தட்டைத்தலை 10 மீட்டருக்கு அருமை. 25-க்கு மேல போறதா இருந்தா உருண்டைத்தலை வாங்கிக்கிடுங்க.

ரேஞ்ச்_மூத்தவர்
கொக்கிரகுளம் சொன்னது சரி. தம்பி, 300 மீட்டர் கேட்டீங்கள்லா, வழி இதுதான். கிளப்புல சேர்ந்து 10 மீட்டர்ல மாவட்டம், மாநிலம்னு ஆடுங்க, அகில இந்திய அளவுல நடக்குத மாவ்லங்கர் போட்டி வரைக்கும் போங்க. அப்புறம் பாயின்ட் 22, 50 மீட்டர். அதுக்கு லைசென்ஸ் வேணும். 303, 7.62ன்னு ராணுவக் குழல் அளவு எல்லாம் தடைசெஞ்ச ரகம், நம்மள மாதிரி ஆளுக்குக் கிடையாது. அதனால பெரிய ரைபிளை வாங்கிட்டு ஆரம்பிக்குத பேச்சே இல்ல. ஸ்கோப்போட எஃப் கிளாஸ்னு ஒண்ணு இருக்கு, 1000 கஜம் வரைக்கும் படுத்துக்கிட்டே சுடுவாங்க. கனடாக்காரர் ஒருத்தர் கொண்டாந்தது. உங்க ஆசை அதுலதான்னு தோணுது. அதுக்கும் இந்த ட்ரிக்கர் விரலுதான் வேணும். தெனமும் குண்டு இல்லாம இருபது நிமிசம் குறிபாத்து நில்லுங்க. ஸ்பிரிங் துப்பாக்கிய மட்டும் குண்டில்லாம மடக்கி ட்ரிக்கரை இழுத்துராதீங்க, உள்ள அடிபடும்.

வள்ளியூரான் (சனி, மாலை 6.15)
பென்சில் கோட்டைத் தாண்டி அரை நெல்லு பின்னால வந்திருக்கு. பின் ஓட்டையிலயே உக்காரல. முடுக்கிட்டேன். கையில வச்சுச் சுட்டேன், அஞ்சும் ஒரு ரூவா வட்டத்துக்குள்ள. நன்றி அண்ணாச்சி. நாளைக்குக் கிளப்.

பாளை_என்சிசி (திங்கள்)
தம்பி, கிளப்புல என்ன சொன்னாங்க? வாடகைக்கு ரைபிள் தாராங்களா? என் மவளைச் சேக்கணும்.

பாளை_என்சிசி (வியாழன்)
தம்பி?