பேடில்போர்டில் கணுக்கால் கயிறு: எங்கும் கட்டலாமா, இடம் பார்த்துக் கட்ட வேண்டுமா?

கோவளம் பயிற்றுநர்:
நின்றபடி துடுப்பிடும் பேடில்போர்டில் ஏறுபவர் எவராயினும், எந்த நீர்நிலையாயினும், பலகையோடு பிணைந்த, லீஷ் எனப்படும் கயிற்றைக் கணுக்காலில் கட்டாமல் கரையை விட்டு நகரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காற்றடைத்த பலகை எடை குறைந்தது. ஆள் விழுந்த அடுத்த நொடியே காற்று அதைத் தள்ளத் தொடங்கிவிடும், நீந்தி எட்டிப் பிடிக்க முடியாது. தென்மேற்குப் பருவத்தின் காலை வேளைகளில் எங்கள் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மேல்காற்று வீசும்போது, கரையோர நீர் கண்ணாடிபோல் தெரிவதை நம்பிப் பலர் இறங்கிவிடுகிறார்கள். அப்படி ஒரு நாள் கயிறு கட்டாமல் விழுந்த மாணவர் ஒருவரை மீனவர் படகுதான் தூக்கி வந்தது. புதியவர்களுக்கு ஒரே விதி போதும். இரண்டு சொன்னால் இரண்டையும் மறப்பார்கள்.

ஆற்றுத்துடுப்பு:
கடலைப் பற்றித் தாங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. "எந்த நீர்நிலையாயினும்" என்ற சொற்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வேல்ஸ் நாட்டின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊரில் 2021 அக்டோபர் 30 அன்று, மழையால் பெருகி ஓடிய கிளெடௌ ஆற்றில் ஒன்பது பேர் பேடில்போர்டில் சென்றார்கள். நடுவிலிருந்த தடுப்பணையில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, திட்டமிடலிலும் வழிநடத்தியவர்களின் பயிற்சியிலும் இருந்த குறைகளோடு, கட்டியிருந்த கயிறு அந்த நீருக்கு ஏற்றதன்று என்பதையும் எடுத்துக்காட்டியது.

காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஓடும் நீரில் பலகை ஒரு தூணின் இப்பக்கமும் ஆள் அப்பக்கமும் போனால், கயிறு தூணில் வளைந்து நின்றுவிடும். நீரின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், ஓட்டம் இருமடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடும். அந்த விசை உடலை ஓட்டத்தின் திசையில் நீட்டிப் பிடித்திருக்கும்போது, மடங்கிக் கணுக்காலை எட்டி ஒட்டுப்பட்டையைப் பிரிக்க எவராலும் முடியாது. தலை நீருக்குள்ளேயே இருக்கும். இடுப்புப் பட்டையில் கயிற்றைப் பிணைத்து, முன்புறக் குமிழை ஒரே இழுப்பில் கழற்றும் வகையைத்தான் ஆற்றில் பயன்படுத்த வேண்டும்.

இது வேல்ஸ் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் திறந்தபின் முட்டுக்காட்டுக் கழியின் நீர் கடலை நோக்கி இறங்கும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின் தூண்களுக்கிடையே போகும் பலகைக்கும் இதே ஆபத்து உண்டு.

கோவளம் பயிற்றுநர்:
அந்த விபத்தை நானும் படித்திருக்கிறேன். வெள்ளம் ஓடும் ஆற்றில், தடுப்பணை இருப்பதைச் சரியாக எச்சரிக்காமல் அழைத்துச் சென்றதே முதற்காரணம். சுற்றுலாவை நடத்திய நிறுவனத்தின் உரிமையாளருக்கு 2025-இல் பத்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும் அதற்காகவே. இறங்கவே கூடாத நீரில் எந்தக் கயிறு நல்லது என்று பேசத் தொடங்கினால், சரியான கயிறு இருந்தால் இறங்கலாம் என்று ஒருவர் நினைத்துவிடுவாரோ என்பதே என் அச்சம்.

நீச்சல்காரர்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். சிறு வயது முதல் கடலில் நீந்தி வருபவன் நான். கயிறு இருக்கும்போது லைஃப் ஜாக்கெட்டும் எதற்கு? அது துடுப்பு வீச்சைத் தடுக்கிறது.

ஆற்றுத்துடுப்பு:
விழும்போது பலகையின் விளிம்பு தலையில் பட்டு நினைவிழந்தவருக்கு நீச்சல் தெரிந்திருந்தும் பயனில்லை, ஐயா. நீந்துமிடத்தையும் அலைச்சறுக்கு இடத்தையும் தாண்டிச் செல்லும் பேடில்போர்டை அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008-இலேயே கலமாக வகைப்படுத்தி, ஆளுக்கு ஒரு மிதவை அங்கி பலகையில் இருக்க வேண்டும் என்றது. தோள் திறந்த, துடுப்பிடுவோருக்கென்றே தைத்த அங்கிகள் உள்ளன; அவை வீச்சைத் தடுப்பதில்லை.

பயிற்றுநருக்கு: தங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் கழியில் காலையில் நின்றிருந்த நீர், ஓதம் இறங்கத் தொடங்கியதும் மாலைக்குள் ஓடும் நீராகிவிடுகிறதே. இறங்கும்போது சரியாக இருந்த நீர் நடுவழியில் மாறினால், கணுக்காலில் கட்டியவர் என்ன செய்வார்?

கோவளம் பயிற்றுநர்:
அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல விடை இல்லை. கழிக்கு அழைத்துச் செல்பவர்களுக்கு இனி இடுப்புப் பட்டை தருவேன். அலையடிக்கும் கடலில் கணுக்கால் கயிறு என்பதில் மட்டும் மாற மாட்டேன். மற்றொன்று: வாடகைக்குக் கிடைக்கும் பட்டைகள் உப்புப் படிந்து இறுகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கழலாத குமிழை நம்பி ஆற்றில் இறங்குவது கணுக்கால் கயிற்றைவிட மேலானதா?

ஆற்றுத்துடுப்பு:
மேலானதன்று. அதனால்தான் புறப்படுமுன் இடுப்பளவு நீரில் நின்று, வலக்கையால் ஒருமுறை, இடக்கையால் ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒருமுறை கழலாவிட்டாலும் அந்தப் பட்டையை ஒதுக்கிவிட வேண்டும்.

கோவளம் பயிற்றுநர்:
இந்தச் சோதனையை வரும் சனிக்கிழமை வகுப்பிலிருந்து செய்கிறேன். எத்தனை பட்டைகள் தேறின என்று இங்கேயே எழுதுகிறேன்.