சின்ன ஓவனில் சவர்டோ: டயல் காட்டும் சூடு வேறு, உள்ளே இருக்கும் சூடு வேறு

"ரொட்டி மேலே கருகுது, உள்ளே பிசுபிசுன்னு இருக்கு" என்று சவர்டோ ரொட்டி (கடை ஈஸ்ட் போடாமல் புளிக்கவைத்துச் சுடுவது) பற்றி யார் கேட்டாலும் பதில்கள் மாவில்தான் தொடங்குகின்றன. தண்ணீர் கூடிவிட்டது, ஸ்டார்ட்டரில் (ரொட்டியைப் புளிக்கவைக்கும் மாவு-தண்ணீர்க் கலவை) வலுவில்லை, பிசைந்தது போதாது என்று. மேசை ஓவனில் சுடுகிறவர்கள் இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: டயலில் 230 என்று வைத்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது?

டயல் வைத்த ஓடிஜிகளில் (ஓவன்-டோஸ்டர்-கிரில் எனும் மேசை ஓவன்) பெரும்பாலும் இருப்பது இரட்டை உலோகத் தகடு கொண்ட தெர்மோஸ்டாட். சூடு ஏறினால் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் மறுபடி இணைக்கும். அணைவதற்கும் எரிவதற்கும் இடையே 20, 30 டிகிரி ஏற்ற இறக்கம் சாதாரணம். அதனால் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்து "எங்கள் ஓவன் 15 டிகிரி குறைவு" என்று முடிவுகட்டுவது தப்பு. ஓவன் தெர்மாமீட்டரை நடுத்தட்டின் நடுவில் வைத்து, டயலை 180இல் நிறுத்தி, முதல் அரை மணி நேரத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அதன்பின், சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணையும்போதும் எரியும்போதும் கண்ணாடி வழியாகவே பார்த்துக் குறியுங்கள். கதவைத் திறந்தால் அளவு போச்சு. மூன்று சுற்று போதும். உச்சங்களும் தாழ்வுகளும் 185க்கும் 215க்கும் நடுவில் ஆடினால் உங்கள் டயலின் 180 என்பது உண்மையில் 200. இதே சோதனையை 150லும் 220லும் செய்யுங்கள், ஏனென்றால் பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி ஓவனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டால் அதற்குப் பிறகு எந்தச் செய்முறையும் கைக்கு வரும்.

விளக்கு முதல் முறை அணைந்ததும் மாவை உள்ளே தள்ளிவிடுவது அடுத்த தவறு. அப்போது சூடாகியிருப்பது காற்று மட்டுமே. கதவைத் திறந்த மறுகணம் அது வெளியே போய்விடும். இழந்த சூட்டை மீட்டுத் தருவது சுவரும் தட்டும்தான், சின்ன ஓவனின் தகரச் சுவரில் அந்தச் சேமிப்பு ரொம்பக் குறைவு. ஒரு கனமான வார்ப்பிரும்புத் தட்டையோ பேக்கிங் கல்லையோ கீழ்த்தட்டில் போட்டு 30, 40 நிமிடம் சூடேற்றுங்கள். அது கீழ்த்தட்டு முழுவதையும் அடைக்கக் கூடாது. நாலு பக்கமும் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால்தான் கீழ்க் கம்பியின் சூடு மேலே ஏறும்.

விசிறி உள்ள ஓவனாக இருந்தால் செய்முறையில் சொன்னதிலிருந்து 15 முதல் 20 டிகிரி குறையுங்கள்.

* * *

மேலே சொன்னதோடு நீராவியையும் சேர்க்க வேண்டும். பெரிய ஓவனுக்கு எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, சூடான தட்டில் தண்ணீர் ஊற்றுவதை மேசை ஓவனில் செய்யவே செய்யாதீர்கள். கதவுக் கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கம்பிக்குப் பதில் குவார்ட்ஸ் குழாய் சூடேற்றும் ஓவனில் குழாயும் அப்படித்தான். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் தெறித்தால் விரிசல் விடும். அத்தனை ஆபத்துக்கும் பலன் கிடையாது. சின்ன ஓவன்களின் கதவு இறுக்கமாக மூடுவதில்லை, ஆவி சில நிமிடங்களிலேயே வெளியேறிவிடும்.

ஆவி எதற்கு? முதல் 15, 20 நிமிடம் ரொட்டியின் தோல் காய்ந்து இறுகாமல் இருந்தால்தான் உள்ளே விரியும் வாயு அதைத் தள்ளி உயர்த்த முடியும். மேல்தோலின் மாவுச்சத்து அந்த ஈரத்தில் வெந்து பசையானால்தான் பிறகு பளபளப்பாகச் சிவக்கும். மேல்கம்பி பத்து சென்டிமீட்டர் தள்ளி நின்று நேரே காய்ச்சும் ஓவனில் இது இன்னும் முக்கியம். மூடி போட்ட வார்ப்பிரும்புச் சட்டியில் சுட்டால் மாவிலிருந்து கிளம்பும் ஈரமே போதும். சட்டி நுழையாதா? மாவைச் சூடான தட்டில் வைத்து, மேலே ஓர் எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் குமிழோ கைப்பிடியோ இருக்கக் கூடாது. பாத்திரத்தின் உச்சிக்கும் கம்பிக்கும் நடுவே குறைந்தது மூன்று சென்டிமீட்டர் இருக்கட்டும். பட்டர் பேப்பரின் ஓரங்களைப் பாத்திரத்துக்கு வெளியே நீட்டாமல் கத்தரியுங்கள். பல பேப்பர்களுக்கு 220, 230 டிகிரிதான் எல்லை, கம்பிக்குப் பக்கத்தில் போனால் பற்றிக்கொள்ளும்.

சின்ன ஓவனுக்குப் பொருந்தும் அளவு: மாவு 350 கிராம், தண்ணீர் 238, ஸ்டார்ட்டர் 70, உப்பு 7. மூடியோடு 230 டிகிரியில் 22 நிமிடம், திறந்து 205இல் 15 முதல் 18 நிமிடம். மேலே சீக்கிரம் நிறம் ஏறினால் அலுமினியத் தாளைக் கூடாரம்போல் தளர்வாகப் போர்த்துங்கள். அடி கருகினால் ரொட்டி இருக்கும் தட்டுக்குக் கீழே இன்னொரு வெறும் தட்டைச் செருகினால் போதும். நடுவில் குத்திப் பார்த்தால் 96 முதல் 98 டிகிரி காட்ட வேண்டும். நிறத்தை வைத்து எடுத்துவிடாதீர்கள், இந்த ஓவன்களில் நிறம் எப்போதும் முந்திக்கொள்ளும். எடுத்த பிறகு கம்பித்தட்டில் ஒன்றரை மணி நேரம் ஆற விட வேண்டும். அதற்குள் வெட்டினால் நன்றாக வெந்த ரொட்டியும் கத்தியில் ஒட்டும். உள்ளிருக்கும் மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகி அமைகிறது.

* * *

ஸ்டார்ட்டரைப் பற்றி. தொடங்கி நாலாம் ஐந்தாம் நாளில் குப்பையில் போகும் ஸ்டார்ட்டர்கள்தான் அதிகம், பெரும்பாலும் அவற்றில் ஒரு குறையும் இருக்காது.

50 கிராம் முழுக்கோதுமை மாவையோ ரை என்ற தானியத்தின் மாவையோ 50 கிராம் தண்ணீரில் கலந்து வைத்தால் இரண்டாம் மூன்றாம் நாளில் திடீரென்று பொங்கும், நாற்றமும் அடிக்கும். அது ஈஸ்ட் வேலை அல்ல. மாவோடு வந்த வேறு பாக்டீரியாக்கள் வாயு விடுகின்றன. லாக்டிக் அமிலம் சேரச் சேர அவை ஒடுங்கிவிடும், ஈஸ்ட் இன்னும் எழுந்திருக்காது. அந்த இடைவெளியில் ஜாடி செத்துப்போனதுபோல் தெரியும். ஒரு குமிழி இருக்காது. தினம் ஒரு முறை, பாதியை எடுத்துவிட்டு மாவும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஏழு முதல் பதினான்கு நாளில் புளிப்பும் பழவாசனையும் கலந்து மணக்க ஆரம்பிக்கும். முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீருக்குப் பதில் சர்க்கரை சேர்க்காத அன்னாசிச் சாறு ஊற்றினால் கலவை தொடக்கத்திலேயே புளிப்பாக இருப்பதால் அந்த நாற்றக் கட்டமே பெரும்பாலும் வராது.

நன்றாக நிலைபெற்ற ஸ்டார்ட்டரில் ஓர் ஈஸ்டுக்கு ஏறக்குறைய நூறு பாக்டீரியா என்பது வழக்கமான விகிதம். சான்பிரான்சிஸ்கோ ரொட்டி மாவில் கண்டு 1971இல் பெயரிட்ட பாக்டீரியா (இன்றைய பெயர் ஃப்ரக்டிலாக்டோபேசிலஸ் சான்ஃபிரான்சிசென்சிஸ்) பல நாட்டு ஸ்டார்ட்டர்களிலும் இருக்கிறது. அது மால்டோஸ் சர்க்கரையைத் தின்னும். அதோடு கூடி வாழும் கசாக்ஸ்டானியா ஹியூமிலிஸ் என்ற ஈஸ்ட் மால்டோஸைத் தொடாது. சாப்பாட்டுக்குச் சண்டை இல்லாததால் ஒரே ஜாடியில் வருடக்கணக்காகச் சேர்ந்திருக்கின்றன. இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பார்த்து வியக்கலாம்.

உணவு விகிதத்தைச் சூட்டுக்குத் தக்கபடி மாற்றுங்கள். 1:1:1 என்றால் ஸ்டார்ட்டர், மாவு, தண்ணீர் மூன்றும் 20 கிராம். 25 டிகிரியில் இது நாலு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சிக்கு வரும். 30ஐத் தாண்டிய சமையலறையில் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு அடுத்த வேளை வரை பட்டினிதான். அசிட்டோன் (நெயில் பாலிஷ் நீக்கும் திரவம்) வாடை, மேலே கருநீர், மோர்போல் நீர்த்த மாவு, மூன்றுக்கும் காரணம் அந்தப் பட்டினி. அப்படிப்பட்ட இடத்தில் 1:5:5 கொடுங்கள் (10 கிராமுக்கு 50, 50). அல்லது தண்ணீரை மாவில் 60 சதவீதமாகக் குறைத்துக் கெட்டியாக வையுங்கள்.

எவ்வளவு ஏறியது என்று அறிய ஜாடியில் ரப்பர் பேண்ட் போட்டால் மட்டும் போதாது, மேற்பரப்பையும் பாருங்கள். ஏறும்போது நடு மேடிட்டிருக்கும். உச்சியில் மேடு தட்டையாகி, சின்னச் சின்னப் பள்ளங்கள் விழும். இறங்கத் தொடங்கினால் கண்ணாடியில் வழிந்த தடம் தெரியும். எடுத்துப் பயன்படுத்த வேண்டியது தட்டையான அந்த நேரத்தில். தண்ணீரில் மிதக்கிறதா என்ற சோதனையை நம்ப வேண்டாம். முழுத்தானிய ஸ்டார்ட்டர் வலுவாக இருந்தும் மூழ்கலாம், கலக்கிவிட்டால் எதுவும் மூழ்கும்.

கருநீரை ஊற்றிவிட்டுத் தொடரலாம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கோடுகளோ பூஞ்சையோ தென்பட்டால் சுரண்டி எடுத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

* * *

ஸ்டார்ட்டர் சரி, ஓவன் சரி, ஆனாலும் ரொட்டி ஒரு வாரம் உப்பி வருது, மறுவாரம் தட்டையா போகுதுன்னு சொல்றவங்க பிசைந்த மாவின் சூட்டை அளந்து பாருங்க. "அஞ்சு மணி நேரம் புளிக்க விடவும்"னு எழுதியிருந்தா அது மாவு 25 டிகிரியில் இருக்கிறவங்களுக்கு எழுதினது. 29இல் நாலு மணி நேரம் போதும், சில சமயம் அதுகூட வேண்டாம்.

கணக்கு சுலபம். வேண்டிய சூட்டை நாலால் பெருக்குங்க, அதிலிருந்து அறை, உலர் மாவு, ஸ்டார்ட்டர் மூணோட சூட்டையும் கழிங்க. 25 டிகிரி வேணும்னா 100. அறை 31, மாவு 30, ஸ்டார்ட்டர் 30. மிச்சம் 9, தண்ணீர் 9 டிகிரியில் ஃபிரிட்ஜிலிருந்து வரணும். கையால் பிசையும்போது இந்தக் கணக்கு போதும், மெஷினில் பிசைஞ்சா உரசல் சூட்டுக்காக இன்னும் கொஞ்சம் குறைக்கணும்.

எவ்வளவு உப்பியிருக்குன்னு பெரிய கிண்ணத்தில் கண்ணால் கணிக்கிறது கஷ்டம். பிசைஞ்சதும் 40 கிராம் மாவைக் கிள்ளி, நேரான சின்னக் கண்ணாடிக் குடுவையில் அழுத்தி, கோடு போட்டு, கிண்ணத்துப் பக்கத்திலேயே வைங்க. அது பாதியிலிருந்து முக்கால் பங்கு ஏறினதும் பெரிய மாவை உருட்டலாம். வெட்டின ரொட்டியையும் படிங்க: மேல்தோலுக்கு அடியில் ஒண்ணு ரெண்டு குகை, சுத்தி நெருக்கமா களி மாதிரி இருந்தா புளிச்சது போதலை. தட்டையா பரவி, வெளிறி, சுடுறதுக்கு முன்னாடி கீறின இடம் விரியாம இருந்தா அளவு தாண்டிடுச்சு, நிறம் கொடுக்கிற சர்க்கரையும் தீர்ந்துபோச்சு.

* * *

தினசரிச் சமையலுக்கும் இதே ஓவன் என்பவர்களுக்கு. காய்கறி வறுபடாமல் அவிந்துபோவதற்குக் காரணம் கூட்டம். 30 × 25 சென்டிமீட்டர் தட்டில் அரைக் கிலோவுக்கு மேல் போடாதீர்கள். துணியால் ஈரம் ஒற்றி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் புரட்டி, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, 210 டிகிரியில் வைத்து, பாதி நேரத்தில் தட்டின் முன்பக்கம் பின்னால் போகும்படி திருப்பி வையுங்கள். கதவுப் பக்கமும் பின்பக்கமும் ஒரே சூடு இருப்பதில்லை. கோழிக்கறியை நிறம் பார்த்து எடுக்காமல், எலும்பில் படாமல் குத்தி 74 டிகிரி வருகிறதா என்று பாருங்கள்.

கேக் தட்டைச் சின்னதாக மாற்றும்போது விட்டத்தை அல்ல, பரப்பை ஒப்பிட வேண்டும். 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர், 15இன் பரப்பு 177. அதாவது பாதிக்குச் சற்று மேல்.

உணவு கொடுக்கும்போது கழித்த ஸ்டார்ட்டர்: 200 கிராமில் 30 கிராம் உருக்கிய வெண்ணெயும் 3 கிராம் உப்பும் கலந்து, பட்டர் பேப்பரில் மெல்லிசாகத் தடவி, 160 டிகிரியில் பத்து நிமிடம். வெளியே எடுத்துக் கோடு கிழித்து மறுபடி 25, 30 நிமிடம் வைத்தால் மொறுமொறு பிஸ்கட். ஓரம் முதலில் சிவக்கும், சிவந்தவற்றை உடைத்து எடுத்துவிட்டு நடுவை மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

* * *

ஒரு சேர்க்கை. எக்ஸ்டென்ஷன் வயரில் ஓவனைப் போடாதீர்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 6.5, 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். சவர்டோவுக்கு முன்சூட்டோடு சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, உடனே நிறுத்திவிட்டு சாக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே துகள் விழும் தட்டில் அலுமினியத் தாள் விரிப்பதும் வேண்டாம். கீழ்க் கம்பியின் சூடு திருப்பி அடித்து, முதலில் சொன்ன அந்த மூன்று எண்களும் மாறிவிடும்.