டிஸ்பிளே டிரைவர் ரிவியூ: தனிக் கோப்பா, ஏற்கெனவே இருக்கும் டிரைவரில் சேர்ப்பதா?

கேள்வி (செங்கலடியிலிருந்து)

வணக்கம். சம்மாந்துறைப் பக்க நெல் ஆலைகளுக்கு ஈரப்பதம் காட்டும் பெட்டி செய்து கொடுக்கிறோம். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுக்கும் நெல் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், விவசாயி அந்த எண்ணைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று பெரிய திரையாகப் போட்டோம். டிஎஸ்ஐ என்ற இணைப்பில் ஓடும் திரைப் பனல், 720க்கு 1280 பிக்சல், நாலு லேன் (தரவு போகும் பாதை). உள்ளே திரையை இயக்கும் ஐஎல்ஐ9881சி சிப்.

பனல் விற்றவர் தந்த கோட் மிகப் பழைய லினக்ஸ் கேர்னலுக்கானது (கேர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி). அதை வைத்து, கேர்னலில் திரைகளைக் கவனிக்கும் டிஆர்எம் பகுதிக்கு ஒரு பனல் டிரைவர் (பனலை இயக்கும் கோட்) புதிதாக எழுதினேன். நன்றாக ஓடுகிறது. கேர்னல் மாறும்போதெல்லாம் நாங்களே திருத்திக்கொண்டிருக்க முடியாது என்பதால் மெயின்லைனுக்கு, அதாவது எல்லோருக்கும் பொதுவான மூலக் கேர்னலுக்கு, அனுப்பினேன். அங்கே கோட்டைச் சரிபார்ப்பவர் ரிவியூவில் சொன்னது: இந்தச் சிப்புக்கு டிரைவர் இருக்கிறது, அதிலேயே சேருங்கள், ரீசெட் (பனலை மீளத் தொடங்கவைக்கும் சிக்னல்) தலைகீழாக இருக்கிறது, கிளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) 69,700 கிலோஹேர்ட்ஸ் என்பது மற்ற எண்களோடு பொருந்தவில்லை, பனலை எழுப்பும் ஸ்லீப் அவுட் கட்டளைக்குப் பிறகு 120 மில்லிசெக்கன் காத்திருப்பது ஏன்?

சரி என்று இருக்கும் டிரைவரில் சேர்த்துப் பார்த்தேன். பின்னொளி மட்டும் எரிகிறது, திரை முழுக்கக் கறுப்பு. என் கோப்பில் ஓடுவது அதில் ஏன் ஓடவில்லை? ஓடுகிற ஒன்றைத் தனிக் கோப்பாகவே விடச் சொல்லிக் கேட்கலாமா?

பதில் (கல்முனையிலிருந்து)

தம்பி, தனிக் கோப்பாக விடச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தக் கறுப்புத் திரைக்குக் காரணம் அநேகமாக ரிவியூவில் சொன்ன இரண்டாவது விஷயமான ரீசெட்தான். நீங்கள் அனுப்பிய கோட் மாற்றத்தை, அந்தப் பாட்சைப் பார்த்தேன். போர்டில் எது எப்படி இணைந்திருக்கிறது என்று கேர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் ரீசெட் பின்னை ஆக்டிவ் ஹை (மின்னழுத்தம் மேலே போனால் செயற்படும்) என்று எழுதியிருக்கிறீர்கள். டிரைவரில் முதலில் 0, கொஞ்சம் பொறுத்து 1. பனலின் ரீசெட் கால் மின்னழுத்தம் கீழே போனால்தான் ரீசெட் ஆகும். ஆகவே உங்கள் மேசையில் இது ஓடத்தான் செய்யும்.

ஆனால் கேர்னலில் பின்களை இயக்கும் ஜிபிஐஓடி செயற்கூறுகளுக்குக் கொடுக்கும் 1, 0 மின்னழுத்தத்தைக் குறிப்பதில்லை. 1 என்றால் ‘ரீசெட்டில் வை’, 0 என்றால் ‘ரீசெட்டிலிருந்து விடு’. அந்த 1 வயரில் மேலேயா கீழேயா என்பதைச் சொல்வது டிவைஸ் ட்ரீயின் வேலை. இருக்கும் டிரைவர் இந்த முறைப்படி முதலில் 1, பிறகு 0 என்று எழுதுகிறது. உங்கள் டிவைஸ் ட்ரீ ஆக்டிவ் ஹை என்று சொல்வதால் கடைசியில் வயர் கீழேயே நின்றுவிடுகிறது. பனல் ரீசெட்டிலேயே கிடக்கிறது, பின்னொளிக்கு வேறு வழி என்பதால் அது மட்டும் எரிகிறது. டிவைஸ் ட்ரீயில் அந்த ஒரு சொல்லை ஆக்டிவ் லோ என்று மாற்றிப் பாருங்கள்.

ரிவியூ செய்தவர் இதில் பிடிவாதமாக இருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. நாளைக்கு வேறொருவர் இதே பனலை வேறு போர்டில் போடுவார். அந்தப் போர்டில் ரீசெட் வயருக்கு நடுவே ஒரு டிரான்சிஸ்டர் இருந்து சிக்னலைத் திருப்பினால், அவர் டிவைஸ் ட்ரீயில் ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்று இருக்க வேண்டும். தலைகீழை டிரைவருக்குள் ஒருமுறை ஏற்றி, டிவைஸ் ட்ரீயில் இன்னொரு முறை ஏற்றிச் சமாளித்தால், பின்னால் வருபவருக்கு எதை நம்புவது என்றே தெரியாது. மெயின்லைனுக்குள் போன பிறகு இதைத் திருத்துவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் பழைய டிவைஸ் ட்ரீயோடு வெளியே போன பெட்டிகள் எல்லாம் கறுப்பாகிவிடும். இப்போதே பிடித்தது நல்லது.

தனிக் கோப்பு விஷயம்: விற்றவர் தந்த கோட்டில் எஃப்எஃப், 98, 81 என்று தொடங்கும் வரிகள் திரும்பத் திரும்ப வரும். அது இந்தச் சிப்பின் பக்கம் மாற்றும் கட்டளை, அடுத்த பைட் பக்க எண். அந்த வரிகளை எழுதும் முறை இருக்கும் டிரைவரில் தயாராக உள்ளது. உங்களுக்கென்று வேண்டியது உங்கள் கட்டளைப் பட்டியல், மோட் (திரை அளவு, கிளாக் எண்கள்), லேன் எண்ணிக்கை, கொம்பாட்டிபிள் பெயர் (டிவைஸ் ட்ரீயில் பனலை அடையாளம் காட்டும் பெயர்), அவ்வளவுதான். பனல் தயாரா இல்லையா என்று குறித்துவைக்க ஒரு கொடியும் (ஆம், இல்லை என்று மட்டும் காட்டும் மாறி) வைத்திருக்கிறீர்கள்; அதை எடுத்துவிடுங்கள். முன்பு பனல் டிரைவர்கள் பலவும் அப்படித் தாமே குறித்துவைத்தன. 2023இல் டிஆர்எம் பனல் மையமே அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டது. பிறகு மெயின்லைனில் இருந்த டிரைவர்கள் பலவற்றிலிருந்து அந்தக் கொடிகளை மற்றவர்களே பாட்ச் போட்டு நீக்கினார்கள். நீங்கள் மெயின்லைனுக்கு வர நினைத்ததே இந்த வசதிக்காகத்தானே.

கிளாக் 69,700 பற்றி: ஓர இடைவெளிகளையும் சேர்த்து உங்கள் மொத்த அகலம் 820, மொத்த உயரம் 1320. பெருக்கி, செக்கனுக்கு 60 படம் என்பதால் 60ஆல் பெருக்கினால் 64,944 கிலோஹேர்ட்ஸ். அதையே போடுங்கள்.

பதில் (ஒலுவிலிலிருந்து)

ரீசெட் விஷயத்தில் கல்முனை அக்கா சொன்னதே என் கருத்தும். கிளாக் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். 69,700 கிலோஹேர்ட்ஸை ஹேர்ட்ஸாக்கி 60ஆல் வகுத்து, பிறகு 1320ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட சரியாக 880 வருகிறது. 880, 1320, 60 மூன்றையும் பெருக்கினால் 69,696 கிலோஹேர்ட்ஸ். இவ்வளவு கிட்ட வந்து நிற்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. கிளாக் சரியாக இருந்து, அகலக் கணக்கில் 60 பிக்சல் எங்கோ விடுபட்டிருக்கலாம். பனலின் டேட்டாஷீட்டில் (விவரத் தாளில்) கிடைமட்டப் போர்ச் எண்களை, அதாவது ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் விடும் இடைவெளிகளைப் பாருங்கள். பார்க்காமல் கிளாக்கைக் குறைத்தால் திரை ஓடும், ஆனால் பனல் கேட்கும் இடைவெளி கிடைக்காது. அப்படிப்பட்ட திரை சூடு ஏறும்போது ஓரத்தில் நடுங்க இடமுண்டு, நெல் ஆலைக்குள் சூட்டுக்குக் குறைவில்லை.

120 மில்லிசெக்கன் டேட்டாஷீட்டில் இருந்தால் மாற்றாதீர்கள். ‘டேட்டாஷீட் கேட்கிறது’ என்று பதில் எழுதி, அதையே கோட்டில் ஒரு வரிக் குறிப்பாகவும் போடுங்கள். ரிவியூ செய்தவர் குறைக்கச் சொல்லவில்லை, காரணம்தான் கேட்கிறார்.

இன்னொன்று. டிவைஸ் ட்ரீ பைண்டிங் (டிவைஸ் ட்ரீயில் பனலை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் கோப்பு) தனிப் பாட்ச், அது முதலில்; டிரைவர் மாற்றம் அடுத்தது. பைண்டிங்கை அனுப்பும் முன் அதைச் சோதிக்கும் டிடி பைண்டிங் செக் ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்

அக்காவுக்கும் நானாவுக்கும் நன்றி. ஆக்டிவ் லோ என்று மாற்றியதும் இருக்கும் டிரைவரிலேயே படம் வந்துவிட்டது. நானா சொன்ன 60 பிக்சலும் கிடைத்தது: டேட்டாஷீட்டில் கிடைமட்டப் பேக் போர்ச் 80, விற்றவர் தந்த கோட்டில் 20. ஸ்லீப் அவுட்டுக்கு 120 என்றும் அதே தாளில் இருக்கிறது. 80ஐயும் 69,696ஐயும் போட்டு ஓடவிட்டிருக்கிறேன்.

இரண்டாவது பதிப்பை இன்றே அனுப்பலாமா?

பதில் (கல்முனையிலிருந்து)

880 கணக்கு என் கண்ணில் படவில்லை, நானாவுக்கு நன்றி. 64,944ஐ மறந்துவிடுங்கள்.

முதலில் ரிவியூ மடலுக்கு வரிக்கு வரி கீழே பதில் எழுதுங்கள், வெறும் எழுத்து மடலாக. போர்ச் பற்றி அவருக்கும் ஏதாவது சொல்ல இருக்கலாம், ஒன்றிரண்டு நாள் விடுங்கள். இரண்டாவது பதிப்பில் என்ன மாறியது என்பதை ‘---’ என்ற மூன்று சிறு கோடுகளுக்குக் கீழே எழுதுங்கள், அது கொமிட்டுக்குள் (கேர்னலில் பதிவாகும் மாற்றத்துக்குள்) போகாது. பேக் போர்ச்சை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது மட்டும் கொமிட் செய்திக்குள்ளேயே இருக்கட்டும். அனுப்பிய பிறகு பதில் வரவில்லையென்றால் ஒரு கிழமையாவது பொறுத்துத்தான் நினைவூட்ட வேண்டும்.