இன்ஜெக்டர் குறியீடு பதிந்து தரும் மெக்கானிக் தேவை: நாமக்கல், சேலம் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2014 மாடல் 1.3 லிட்டர் டீசல் கார். போன வாரம் 3ஆவது சிலிண்டரின் இன்ஜெக்டரை (டீசலைப் பீய்ச்சும் பாகம்) கழற்றி, நாசில் (அதன் முனை) மாற்றிப் புதுப்பித்த ஒன்றைப் போட்டோம். அன்றிலிருந்து என்ஜின் ஓட வண்டி நிற்கும்போது நடுங்குகிறது. கியர் கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை அதிர்கிறது. கிளப்பும்போது கரும்புகை. என்ஜின் விளக்கு அணையவில்லை. ஸ்கேனரில் பி0269 என்ற பிழை வருகிறது, அதாவது 3ஆவது சிலிண்டரின் பங்களிப்பு சரியில்லை.

காரணம் ஓரளவு புரிகிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் தள்ளும் டீசல் அளவு மயிரிழை வேறுபடும். அந்த வேறுபாட்டைத்தான் அதன் தலையில் பொறித்த எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு சொல்கிறது. அதை இசியூவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிந்தால்தான் அது கணக்கைத் திருத்திக்கொள்ளும். எங்கள் மெக்கானிக் நல்ல வேலைக்காரர். ஆனால் அவருடைய ஸ்கேனர் பிழையைப் படிக்கும், அழிக்கும், அவ்வளவுதான்.

என்னைக் குடைகிற கேள்வி இதுதான்: நாசில் மாற்றிய பிறகு பழைய பொறிப்பு செல்லுமா? அல்லது டெஸ்ட் பெஞ்சில் (இன்ஜெக்டரைச் சோதித்து அளக்கும் கருவி) ஏற்றி, புதிய குறியீடு வாங்க வேண்டுமா? அப்படிச் செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

'ரீமேப் (இசியூ மென்பொருளை மாற்றி எழுதுவது) செய்தால் சரியாகிவிடும்' என்கிறார் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இசியூவில் இருக்கிற மென்பொருள் பழுதாகவில்லையே.

பதியும்போது பாட்டரிக்குச் சார்ஜர் இணைத்து வேலை செய்கிற, கவனமான ஆள் வேண்டும். வியாழக்கிழமை அம்மாவைக் கண் அறுவைச் சிகிச்சைக்குக் கோவை அழைத்துப் போக வேண்டும். அதற்குள் முடிந்தால் பெரிய உதவி.