சித்தப்பாவுக்கு இந்த வண்டி சரிப்படுமா?

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

*வெள்ளி, இரவு*

முருகேசன் சித்தப்பா: (படம்)

முருகேசன் சித்தப்பா: ஃப்ரெண்ட் ஒருத்தர் குடுக்கிறார். ஹோண்டா கோல்ட் விங் டூர், 2021 மாடல், சிங்கிள் ஓனர். என்ன சொல்றீங்க எல்லாரும்

தினேஷ்: அப்பாஆஆ 😳😳

தினேஷ்: 1833 சிசி. ஆறு சிலிண்டர். வாங்குங்கப்பா, யோசிக்காதீங்க

மல்லிகா அத்தை: இது பைக்கா காரா தம்பி?

பெரியப்பா: முருகேசா, உன் வயது 57. நினைவில் இருக்கட்டும்.

முருகேசன் சித்தப்பா: அண்ணே இந்த வண்டி ஓட்டுறவங்கள்ல பாதிப் பேர் என்னைவிடப் பெரியவங்க

வசந்தி சித்தி: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. குரூப்ல வந்துதான் நானும் தெரிஞ்சுக்கணும் 🙂

தினேஷ்: அம்மா அந்த ஸ்மைலி பயமா இருக்கு

முருகேசன் சித்தப்பா: யாழினி, நீதான் பைக் ஓட்டக் கத்துக்குடுக்கிற ஆளு. நீ சொல்லும்மா. 25 வருஷமா 350 ஓட்டுறேன். எனக்கு இது சரிப்படுமா படாதா

யாழினி: கிளாஸ்ல இருக்கேன் சித்தப்பா, முடிச்சுட்டு வரேன். அதுக்குள்ள ரெண்டு விஷயம் அளந்து போடுங்க. சுவத்துல சாஞ்சு நின்னு, கால் கவட்டையிலேர்ந்து தரை வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர். அப்புறம் உங்க எடை, சித்தி எடை

வசந்தி சித்தி: என் எடை எதுக்கு?

யாழினி: பின்னாடி யார் உக்காரப் போறா சித்தி?

தினேஷ்: 🍿

முருகேசன் சித்தப்பா: 75 செமீ. நான் 63 கிலோ. அவ 71

வசந்தி சித்தி: 70.

பெரியப்பா: இந்த வண்டியில் காற்றுப்பை இருக்கிறதாமே. காரில் போலவே. அப்படியானால் பாதுகாப்புதானே.

யாழினி: வந்துட்டேன். பெரியப்பா, எல்லா மாடல்லயும் ஏர்பேக் கிடையாது. மோட்டார்சைக்கிளுக்குன்னு அது முதல்ல வந்ததே கோல்ட் விங்லதான், 2006ல. ஆனா அது முன்னால மோதுறப்ப உதவுறதுக்கு. நின்ன இடத்துல வண்டி சாஞ்சா அது ஒண்ணும் பண்ணாது. சித்தப்பாவுக்கு என் பயம் அந்த ரெண்டாவதுதான்

முருகேசன் சித்தப்பா: ஓடுறப்ப பிரச்சனை இல்லைங்கிற?

யாழினி: ஓடுறப்ப அது வெண்ணெய் சித்தப்பா. இன்ஜின் படுத்த மாதிரி இருக்கும், பக்கத்துக்கு மூணு சிலிண்டர், பாரமெல்லாம் கீழயே கிடக்கும். வேகம் எடுத்துட்டா எடையே தெரியாது. வளைவுல வலது கைப்பிடியை லேசா முன்னால தள்ளினா வலது பக்கம் தானா சாயும். நாள் பூரா ஓட்டலாம். செயின் கிடையாது, ஷாஃப்ட், எண்ணெய் போடுற வேலையும் இல்ல

யாழினி: நடக்கிற வேகத்துக்குக் கீழ வந்ததும்தான் அதோட சுயரூபம் தெரியும். யூ டர்ன், பெட்ரோல் பங்க், வீட்டு வாசல் சரிவு, சிக்னல்ல ஒரு கால் பள்ளத்துல மாட்டுறது. பெரிய டூரிங் வண்டி கீழ விழுந்த கதையெல்லாம் கேட்டுப் பாருங்க, முக்காவாசி அஞ்சு கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழதான் இருக்கும்

தினேஷ்: அக்கா சீட் 745 மிமீதான். அப்பாவுக்கு 75 செமீ கால். ரெண்டு காலும் முழுசா ஊனிடுவாரே

யாழினி: அப்படிக் கழிச்சுப் பார்க்க முடியாதுடா. சீட் அகலம். கால் நேரா இறங்காது, விரிஞ்சு இறங்கும். ஷூ போட்டா அவருக்கு முன்பாதம் நல்லா ஊனும், குதிகால் லேசா தூக்கும். அது பரவாயில்ல, ரொம்பப் பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க. பாரத்தைப் பத்திச் சொல்றேன் பாரு

யாழினி: இந்த வண்டி 380 கிலோ சொச்சம். சித்தப்பா இப்ப ஓட்டுற 350 கிட்டத்தட்ட 195. நிமிர்ந்து நிக்கிற வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான், ஒரு விரல்ல பிடிச்சுக்கலாம். சாயறப்பதான் வித்தியாசம். பாரத்தோட மையம் தரையிலேர்ந்து அரை மீட்டர், கைப்பிடி ஒரு மீட்டர்னு தோராயமா வெச்சுக்கலாம். 3 டிகிரி சாஞ்சா கையில 10 கிலோ. 10 டிகிரின்னா 33 கிலோ. 20 டிகிரி போச்சுன்னா 65. சித்தப்பா உங்க எடையே 63

யாழினி: 350ல அதே 10 டிகிரிக்கு 17 கிலோதான். இத்தனை வருஷம் நீங்க யோசிக்காமலே தாங்கிட்டு வந்தது அந்த 17. கால் ஊனித் தாங்குறப்ப கணக்கு கொஞ்சம் மாறும், ஆனா பாரம் எங்கயும் போயிடாது

முருகேசன் சித்தப்பா: ம்

யாழினி: இதுல சித்தி ஏறினா அவங்க பாரம் ஒரு மீட்டர் உயரத்துல. 10 டிகிரில இன்னொரு 12 கிலோ

வசந்தி சித்தி: எல்லாப் பழியும் என் மேலயே வரட்டும்

மல்லிகா அத்தை: விழுந்தா யாரு தூக்குறது? ரெண்டு பேரும் ரோட்டுல நின்னுட்டு எனக்கு போன் பண்ணுவீங்க

யாழினி: தூக்கலாம் அத்தை. மத்த வண்டி மாதிரி முழுசாப் படுக்காது. இன்ஜின் பக்கத்துலயும் பின்னாடி பெட்டிக்குக் கீழயும் பாதுகாப்புக் கம்பி இருக்கு, அதுமேல சாஞ்சு நிக்கும். முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணணும். வலது பக்கம் விழுந்திருந்தா சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே எடுத்து விட்டுடணும், இல்லன்னா தூக்குற வேகத்துல அந்தப் பக்கம் கவுந்திடும். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்ல இடுப்பை முட்டுக்குடுத்து, சின்னச் சின்ன அடியா பின்னால நடக்கணும். வேலை பூரா தொடைக்கும் முட்டிக்கும்தான். குனிஞ்சு கையால இழுத்தா இடுப்பு போயிடும்

மல்லிகா அத்தை: முட்டியா? தம்பிக்கு வலது முட்டிலதானே ஆபரேஷன் பண்ணுச்சு

முருகேசன் சித்தப்பா: அக்கா அது ஆறிப்போய் எவ்வளவு நாளாச்சு

வசந்தி சித்தி: மாடிப்படி இறங்குறப்ப கைப்பிடியைப் பிடிச்சுட்டுத்தான் இறங்குறார். நான் பார்த்துட்டுதான் இருக்கேன்

முருகேசன் சித்தப்பா: இதுல ரிவர்ஸ் இருக்கு. அதைச் சொல்லு யாழினி. தள்ளவே வேண்டாம்

யாழினி: இருக்கு, அது பெரிய வசதி. 1988ல 1500 சிசி வந்தப்பவே ரிவர்ஸ் வெச்சுட்டாங்க. இப்ப டிசிடில, அதாவது கியர் தானா மாறுற இந்த வகைல, ஒரு பட்டன்தான், பின்னால மணிக்கு 1.2 கிமீ, முன்னால 1.8 கிமீ. உங்க வாசல் சரிவுல இந்த வண்டியைக் கையால தள்ளணும்னா மூணு ஆள் வேணும், அதுக்கு இது போதும். ஆனா ரிவர்ஸ் வண்டியை நகர்த்தும், சாயாம பிடிச்சுக்காது. பிடிச்சுக்கிறது உங்க கால்தான்

தினேஷ்: டிசிடின்னா கிளட்ச் லீவரே இல்லல்ல? அப்பாவுக்கு இடது மணிக்கட்டு வலிக்குதுன்னு சொல்வாரே, நல்லதுதானே

யாழினி: ஹைவேல நல்லது. மெதுவா போறப்ப அவர் கைப்பழக்கம் என்ன? பாதி கிளட்ச். நெரிசல்ல அதை வெச்சுத்தான் வண்டியை அடக்குறார். இதுல அந்த லீவரே கிடையாது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் குடுத்துட்டே பின்பிரேக்கை லேசா அழுத்தி ஓட்டணும். பின்பிரேக் எந்தக் கால்?

தினேஷ்: வலது 😬

யாழினி: அதே வலது. இன்னொண்ணு, ஆஃப் பண்ணினா நியூட்ரலுக்குப் போயிடும், கியர்ல போட்டு நிறுத்துற பழக்கம் செல்லாது. பார்க்கிங் பிரேக் போட மறந்தா சரிவுல உருண்டுடும்

பெரியப்பா: ஆக வேண்டாம் என்கிறாய்.

யாழினி: அப்படிச் சொல்லல பெரியப்பா. ஓட்டிப் பார்க்காம எப்படிச் சொல்றது. இவரைவிடக் குள்ளமானவங்க இதை ஓட்டுறதைப் பார்த்திருக்கேன். பயலுங்க பலத்தை நம்பி இந்த மாதிரி வண்டியைக் கீழ போடுவாங்க, பொறுமைசாலிங்க போட மாட்டாங்க. சித்தப்பா பொறுமைசாலி

வசந்தி சித்தி: எந்தச் சித்தப்பா?

தினேஷ்: 😂😂😂

யாழினி: ஞாயித்துக்கிழமை அந்த அங்கிள்கிட்ட வண்டியைக் கேளுங்க. காலி மைதானம், நான் கூட இருக்கேன். ஹைவே ரவுண்டு மட்டும் ஓட்டிட்டு "ஆகா"ன்னு வந்துடாதீங்க. பெட்டி மூணுலயும் சாமான் இருக்கணும். சித்தியும் வரணும்

வசந்தி சித்தி: நான் எதுக்கு, 12 கிலோ சேர்க்கவா

யாழினி: ஆமா 😁

*ஞாயிறு, மதியம்*

தினேஷ்: என்னாச்சு? யாரும் ஒண்ணும் போடல. அப்பா?

மல்லிகா அத்தை: நானும் காலைலேர்ந்து போனைப் பார்த்துட்டே இருக்கேன்

வசந்தி சித்தி: பின்சீட் சொகமோ சொகம். முதுகுக்குச் சாய்வு, கை வைக்க இடம். இறங்கவே மனசு வரல

யாழினி: 2021ல தான் அந்த முதுகுச்சாய்வை இன்னும் சாய்ச்சு வெச்சாங்க, பின்பெட்டியையும் 50 லிட்டர்லேர்ந்து 61 ஆக்கினாங்க. சித்தி சரியான மாடல்லதான் உக்காந்திருக்காங்க

தினேஷ்: அப்ப அம்மா கட்சி மாறிட்டாங்க!! வாங்கியாச்சா?

முருகேசன் சித்தப்பா: இல்லப்பா

முருகேசன் சித்தப்பா: தனியா ஓட்டினப்ப ஒண்ணுமே தெரியல. யாழினி சொன்ன மாதிரிதான், கப்பல். பிரேக் பிடிச்சா முன்னால குப்புற அமுங்கவே இல்ல

யாழினி: முன்சக்கரத்தைப் பிடிக்க சாதா ஃபோர்க் கிடையாது, கார்ல மாதிரி மேலயும் கீழயும் ரெண்டு கை வெச்ச டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். 2018லேர்ந்து

முருகேசன் சித்தப்பா: யூ டர்ன் முதல்ல ரெண்டு வாட்டி அகலமாப் போச்சு. டயர் முன்னால தரையைப் பார்க்காதீங்க, போக வேண்டிய இடத்தைப் பாருங்கன்னு கத்திட்டே இருந்தா. அப்புறம் வந்துடுச்சு. பின்பிரேக்கும் கால்ல பழகிடுச்சு

யாழினி: உண்மையாவே நல்லா ஓட்டினார். என்கிட்ட கத்துக்க வர்ற 25 வயசுப் பசங்களைவிட மேல்

முருகேசன் சித்தப்பா: சித்தியை ஏத்திக்கிட்டு நிறுத்துறதுதான்

முருகேசன் சித்தப்பா: மைதான ஓரத்துல வலது பக்கம் லேசா இறக்கம். வேணும்னேதான் அங்க நிறுத்தச் சொன்னா. கைப்பிடி கொஞ்சம் திரும்பி இருக்கு, நான் முன்பிரேக்கைப் பிடிச்சுட்டேன்

யாழினி: நேரா இல்லாதப்ப முன்பிரேக் பிடிச்சா வண்டி அந்தப் பக்கமே அமுங்கும். எல்லாருக்கும் நடக்கிறதுதான். நான் பக்கத்துலயே நின்னேன், பின்கம்பியைப் பிடிச்சுட்டேன். விழல. சித்தியும் அசையாம உக்காந்திருந்தாங்க, அதுவே பாதி உதவி

வசந்தி சித்தி: பயத்துல உறைஞ்சு போயிட்டேன். இவ உதவிங்கிறா

முருகேசன் சித்தப்பா: கால் வழுக்கல. நல்லா ஊனிட்டுத்தான் இருந்தேன். முட்டி மடங்கிடுச்சு. சொன்ன பேச்சு கேட்கல

மல்லிகா அத்தை: வலி இருக்கா இப்ப?

முருகேசன் சித்தப்பா: இல்லக்கா. வலியே இல்ல. பலம்தான் இல்ல

பெரியப்பா: உடற்பயிற்சி செய்தால் சரியாகும்.

யாழினி: ஆகும் பெரியப்பா, நானும் அதைத்தான் சொன்னேன். தொடைத் தசை ஏறினா முட்டி தாங்கும், டாக்டர்கிட்டக் கேட்டுட்டு ஆரம்பிக்கலாம். ஆனா அதை நம்பி இன்னைக்கே 380 கிலோவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். தனியா ஓட்ட மட்டும்னா நான் சரின்னு சொல்லியிருப்பேன். இவர் தூரமா போறதே சித்தியோடதான், அப்பதான் வண்டி அதிகப் பாரமா இருக்கும், அப்பதான் தெரியாத ஊர்ல தெரியாத மேடு பள்ளத்துல நிறுத்துவார். அந்த நேரத்துக்கு இது இவருக்குச் சரிப்படாது

தினேஷ்: பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஆர்டி? 100 கிலோ குறைவு

யாழினி: 279. எடைக்கு நல்லது. ஆனா சீட் 805, அப்பாவுக்கு விரல் நுனிதான் எட்டும். லோ சீட் போட்டா 760க்கு வரும், அப்ப பார்க்கலாம். ஆளும் சாமானும் சேர்த்து 226 கிலோ வரைக்கும் ஏத்தலாம், இவங்க ரெண்டு பேரும் 133, மிச்சம் தாராளம்

வசந்தி சித்தி: 133 எப்படி? 63ம் 70ம்... ஓ சரி. நன்றிடி யாழினி

முருகேசன் சித்தப்பா: எனக்கு அந்த சூப்பர் மீட்டியார் 650 மேல ஒரு கண்ணு

யாழினி: மனசுல வெச்சிருந்தேன், நீங்களே சொல்லிட்டீங்க. 241 கிலோ, சீட் 740, குறுகல், உங்களுக்கு ரெண்டு காலும் முழுசா ஊனும். கிளட்ச் இருக்கு, கைப்பழக்கம் மாற வேண்டாம். கோல்ட் விங் சொகுசு வராது, செயினுக்கு எண்ணெய் போடணும், ரிவர்ஸ் கிடையாது. டேங்க் 15.7 லிட்டர். ஸ்பீட் 47 குதிரைச்சக்திக்கு ஏத்த மாதிரிதான். நீங்க ரெண்டு பேரும் போற வேகத்துக்கு அது எதேஷ்டம்

தினேஷ்: ஆறு சிலிண்டர் போச்சே 😭

முருகேசன் சித்தப்பா: நீ சம்பாதிச்சு வாங்குடா. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்

வசந்தி சித்தி: அந்த 650ல பின்சீட் எப்படி? முதுகுக்கு ஏதாவது உண்டா?

யாழினி: கம்பெனி துணைப்பொருள்லயே பின்சீட் முதுகுச்சாய்வு கிடைக்கும் சித்தி. அதோட போட்டே ஓட்டிப் பாருங்க. அங்கயும் அதே இறக்கத்துல வலது காலை ஊனி நிறுத்தணும் சித்தப்பா, நான் வரேன்

முருகேசன் சித்தப்பா: அடுத்த ஞாயிறு?

வசந்தி சித்தி: சனிக்கிழமையே போலாம். அண்ணி நீங்களும் வாங்க, பின்கம்பியைப் பிடிக்க ஆள் வேணும்