ஏமாற்றும் வினை இரண்டு: கலைச்சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். செர்போ-குரோவாசிய மொழிக்குத் தமிழில் சிறு இலக்கணம் ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ஏமாற்று' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அங்கே அதற்கு இரண்டு வினைகள். வரத்தி என்பது நடந்துகொண்டிருக்கும் செயலையும் திரும்பத் திரும்ப நடப்பதையும் காட்டும்: வராம் (ஏமாற்றுகிறேன்), வராஷ், வரா, வராமோ, வராத்தே, வரயூ. பிரெவரித்தி செயலை முழுதாகக் காட்டும்: பிரெவரீம், பிரெவரீஷ், பிரெவரீ, பிரெவரீமோ, பிரெவரீத்தே, பிரெவரே. 'வரஓ மெ யெ கோதினமா' என்றால் ஆண்டுக்கணக்கில் என்னை ஏமாற்றிவந்தான். 'பிரெவரியோ மெ யெ' என்றால் ஏமாற்றிவிட்டான். இவ்விரு வகைக்கும் பெயர் தாருங்கள்.

மறு:
முற்றாவினை, முற்றுவினை. நம் இலக்கணத்தில் 'முற்று' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ஏமாற்றின் வேரையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஏமம் என்றால் காப்பு. 306ஆம் குறளில் 'ஏமப் புணை', அதாவது காக்கும் தெப்பம். காப்பு மாறிப்போனவனே ஏமாறியவன் என்பது என் துணிபு.

மறு:
ஐயா, ஏமம் இருக்கட்டும். 126ஆம் குறளில் 'ஏமாப்பு' வருகிறது; அங்கே எதுவும் மாறவில்லை, காப்பாகவே நிற்கிறது. 'மாறு' எப்படி வந்து ஒட்டியது என்று நீங்கள் காட்டவில்லை. என் கவலை வேறு. பள்ளியில் வினைமுற்று, வினையெச்சம் படித்த பிள்ளை 'முற்றாவினை' என்றால் எச்சம் என்றுதான் எண்ணும். வராம் தன்மை ஒருமை காட்டி நிற்கும் நல்ல முற்று அல்லவா?

'முடிந்த வினை' என்றும் வைக்க முடியாது. பிரெவரீம் வடிவில் நிகழ்காலம். ஆனால் 'இதோ ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்ல அது உதவாது. 'ஏமாற்ற விரும்புகிறேன்' என்பதை 'ஹோச்சு த பிரெவரீம்' என்பார்கள். அங்கே எதுவும் முடிந்துவிடவில்லை. ஏமாற்றிவிட்டேன், ஏமாற்றிவிடுவேன் என்று நம் 'விடு' காலம் கடந்து செய்யும் வேலை அது. ஆகவே விடுவினை என்கிறேன்.

மறு:
விடுவினை என்றால் கைவிட்ட வினை என்று படிப்பார்கள், அம்மா. இன்னொன்றையும் பாருங்கள்: 'அக்கோ செ நெ வராம்' என்றால் 'நான் தவறாக எண்ணவில்லை என்றால்' என்று பொருள். அந்தச் 'செ' நம் 'கொள்' போன்றது: ஏமாற்றிக்கொள்ளாவிட்டால். விடு, கொள் இரண்டையும் ஓர் அட்டவணையில் வைத்தால் பிள்ளைகள் உடனே பற்றிக்கொள்வார்கள். பெயருக்கு, வரத்திக்குத் தொடர்நோக்கு, பிரெவரித்திக்கு நிறைவுநோக்கு போதும்.

மறு:
மூவரும் தொடர்நோக்கு, நிறைவுநோக்குக்கு இசைந்ததாகக் கொள்கிறேன். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். விடு, கொள் அட்டவணையும் சேர்ந்துவிட்டது. நன்றி.

மறு:
முற்றாவினை என்று சொன்ன நான் இசையவில்லை. நாள்தோறும் ஒருமுறை ஏமாற்றுபவனுக்கும் வரத்திதானே? அதில் தொடர்ச்சி எங்கே இருக்கிறது? முற்றாவினை என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.