இண்டஸ்ட்ரி கான்ஃபரன்ஸா, அன்கான்ஃபரன்ஸா? மேனேஜர் அஜெண்டா கேக்குறார்

கோவை_டெஸ்டர்:
வணக்கம் மக்களே. நாலு வருஷமா சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன். போன வருஷம் ஆபீஸ் செலவுல பெங்களூர்ல ஒரு பெரிய இண்டஸ்ட்ரி கான்ஃபரன்ஸ் போய்ட்டு வந்தேன், ரெண்டு நாள், ஸ்டார் ஹோட்டல், சாப்பாடெல்லாம் பிரமாதம், ஆனா திரும்ப பஸ் ஏறி உக்காந்து யோசிச்சா மனசுல நின்னது ஒரே ஒரு டாக் தான். மத்ததெல்லாம் முதல் பத்து நிமிஷம் பிரச்சனைய பேசிட்டு அப்படியே அவங்க டூல்ல கொண்டுபோய் விட்டுடுறாங்க. இந்த வருஷம் பிரெண்ட் ஒருத்தன் அன்கான்ஃபரன்ஸுக்கு, அதாவது வர்றவங்களே தலைப்பு சொல்லி நடத்தற கூட்டத்துக்குக் கூப்பிடுறான். ஒரு நாள் லீவு கேட்டா மேனேஜர் "அஜெண்டா அனுப்பு, பாக்கலாம்"ங்கறார். அங்க அஜெண்டாவே அன்னைக்குக் காலைல தான் போடுவாங்களாம். இதை அவருக்கு எப்படி சொல்றது? போனவங்க யாராவது வித்தியாசத்த விளக்குங்களேன்.

பழைய_லினக்ஸ்காரன்:
கண்டிப்பா போங்க. காலைல போனதும் சுவத்துல ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருப்பாங்க, மேல ரூம் பேரு, பக்கத்துல நேரம், மத்தபடி கட்டமெல்லாம் காலி. பேச விஷயம் இருக்கறவங்க சீட்டுல தலைப்பு எழுதி, எந்திரிச்சு நின்னு ரெண்டு வரில சொல்லிட்டு, ஒரு கட்டத்துல ஒட்டணும். நான் முதல் தடவ போனப்ப மேல ஃபேன் ஓடி பாதி சீட்டு பறந்துடுச்சு, பொறுக்கி மறுபடி ஒட்டும்போது தான் ரெண்டு பேர் ஒரே தலைப்ப எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சு, சேர்ந்தே நடத்திட்டாங்க. நல்ல செஷன் அது.

இந்த ஐடியா புதுசும் இல்ல. ஹாரிசன் ஓவன்னு ஒரு அமெரிக்கர், ஒரு வருஷம் உழைச்சு ஒரு மாநாடு நடத்தினார், வந்தவங்க எல்லாம் காபி பிரேக் தான் நல்லா இருந்துச்சுன்னாங்க. சரி அந்த காபி பிரேக்கையே மாநாடா நடத்தலாம்னு 1985ல ஓபன் ஸ்பேஸ்னு ஆரம்பிச்சார். அதுல ரெண்டு கால் விதின்னு ஒண்ணு உண்டு: உக்காந்திருக்கற இடத்துல நீங்க கத்துக்கவும் இல்ல, சொல்லவும் எதுவும் இல்லன்னா, எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிடலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நம்மாளுங்களுக்கு இது தான் ரொம்ப கஷ்டம், பேசறவர் மனசு நோகுமேன்னு கடைசி வரைக்கும் உக்காந்திருப்போம். அப்புறம் 2005 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியாவுல பார்கேம்ப்ங்கற டெக் அன்கான்ஃபரன்ஸ் முதல் தடவ நடந்துச்சு. அழைச்சவங்க மட்டும் வர்ற ஃபூ கேம்ப்ங்கற கூட்டத்துக்கு பதிலா யார் வேணா வரலாம்னு ஒரு வாரத்துக்குள்ள ஏற்பாடு பண்ணது. அடுத்த வருஷமே சென்னைலயும் நடந்துச்சு.

ரெண்டு_பக்கமும்_பாத்தவ:
அண்ணன் சொன்னது சரி, ஆனா ஒரு விஷயத்த பிரிச்சுப் பாக்கணும். கம்யூனிட்டி நடத்துனா அன்கான்ஃபரன்ஸ்னு ஆயிடாது. பிரஸ்ஸல்ஸ்ல நடக்கற ஃபாஸ்டெம்ங்கற சாஃப்ட்வேர் மாநாட்ட பாருங்க, முழுக்க வாலண்டியருங்க நடத்தறது, டிக்கெட் கிடையாது, ரிஜிஸ்ட்ரேஷன் கூட கிடையாது, ஆயிரக்கணக்குல வர்றாங்க, ஆனா யார் எந்த ரூம்ல எத்தன மணிக்கு பேசறாங்கன்னு முன்னாடியே போட்டுடுவாங்க. பைத்தான் ப்ரோகிராமருங்களுக்காக 2009ல ஆரம்பிச்ச பைகான் இந்தியா மாநாடும் அப்படித்தான், என்ன பேசப் போறோம்னு முன்னாடியே ப்ரொபோசல் அனுப்பணும், ரிவ்யூ பண்ணி எடுப்பாங்க. அந்த ரிவ்யூவுக்கு ஒரு மதிப்பு இருக்குங்க. என்னோட ப்ரொபோசல் ஒண்ணு ரெண்டு தடவ திரும்பி வந்து, மூணாவது தடவ தான் எடுத்தாங்க, அதுக்குள்ள நான் அந்த விஷயத்த ஒழுங்கா கத்துக்கிட்டேன். புதுசா ஒரு சப்ஜெக்ட்ட அடிப்படைல இருந்து தெரிஞ்சுக்கணும்னா அப்படி தயார் பண்ணி வந்த டாக் தான் உதவும்.

அன்கான்ஃபரன்ஸ்ல எனக்கு உண்மையான வருத்தம் ஒண்ணு இருக்கு. சத்தமா பேசறவங்க கைல ரூம் போயிடும். ஒரு தடவ பதினஞ்சு பேர் வட்டமா உக்காந்திருந்தோம், முக்கால் மணி நேரமும் ரெண்டே பேர் தான் பேசினாங்க, பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு நோட்டுல கேள்விய எழுதி வெச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல. அடுத்த செஷன் நடத்துனவர் ஆரம்பத்துலயே ஒரு ரவுண்டு எல்லாரையும் பேச வெச்சார், அதே பொண்ணு கேட்ட கேள்விலயே மீதி நேரம் ஓடுச்சு. நடத்தறவருக்கு இது தெரியணும், தெரியலன்னா டீக்கடை அரட்டை மாதிரி முடிஞ்சுடும்.

ஸ்டால்_அனுபவம்:
நான் இண்டஸ்ட்ரி கான்ஃபரன்ஸ்ல கம்பெனி சார்பா ஸ்டால்ல நின்னவன். ஹால் வாடகை, சாப்பாடு எல்லாத்துக்கும் பெரும்பாலும் ஸ்பான்சர் காசு தான் வருது, காசு போட்டவங்களுக்கு எத்தன பேர் பேட்ஜ ஸ்கேன் பண்ணி போன் நம்பர் எடுத்தோம்ங்கறது தான் கணக்கு. டீஷர்ட்டுக்காக ஸ்கேன் பண்ணவங்களுக்கு மறுநாள்லேர்ந்து போன் போகும். பேசறவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், டூல் பேர சொல்லலன்னா அவங்களுக்கு ஆபீஸ்ல கேள்வி வரும். ஆனா வேலை தேடறீங்க, வேற கம்பெனிக்காரங்கள பாக்கணும்னா அந்த ஹால் மாதிரி இடம் கிடைக்காது, அதையும் மனசுல வெச்சுக்கங்க.

கோவை_டெஸ்டர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்ப மேனேஜருக்கு என்ன எழுதட்டும்?

பழைய_லினக்ஸ்காரன்:
அஜெண்டா இல்லன்னு எழுதாதீங்க. உங்க டீம்ல இப்ப தீராம இருக்கற ரெண்டு மூணு பிரச்சனைய எழுதி, "இத சீட்டுல எழுதி ஒட்டப் போறேன், இதே வேலை பாக்கற மத்தவங்க என்ன பண்றாங்கன்னு கேட்டுட்டு வந்து டீமுக்கு அரை மணி நேரம் சொல்றேன்"னு அனுப்புங்க. சில நாள் பாஸ் ஆகி சில நாள் ஃபெயில் ஆகற டெஸ்ட் பத்தி நான் அப்படித்தான் ஒட்டினேன். வந்தது மூணே பேர், அதுல ஒருத்தங்க லேப்டாப்ப தொறந்து, டெஸ்டெல்லாம் ஒரே டேட்டாபேஸ்ல எழுதுதே, வரிசை மாறினா உடையத்தானே செய்யும்னு காட்டினாங்க. எங்க டீம் ரெண்டு மாசமா தேடினது அது.

கோவை_டெஸ்டர்:
அய்யோ எங்களுக்கும் இதே தான் ஓடிக்கிட்டிருக்கு!! இன்னைக்கே மெயில் போடறேன். முதல் சீட்டு அது தான்.

ரெண்டு_பக்கமும்_பாத்தவ:
செல்லோடேப் ஒண்ணு கைல எடுத்துட்டுப் போங்க, காலைல எல்லாரும் அத தான் தேடுவாங்க.